வண்டி யாருக்குச் சொந்தம்?

ஒரு பொருள் நமக்குச் சொந்தம் என்று எதைக்கொண்டு சொல்லுகிறோம்? பணம் கொடுத்து வாங்கினோம் என்பதாலா? பத்திரத்தில் நமது பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதாலா? இவ்விரண்டும் வேண்டியனவே, ஆயினும் போதியன அல்ல என்பது நமது அபிப்பிராயம். கெட்டுப்போனால் நாமே திருத்திக்கொள்ளவோ, நமக்கு நம்பிக்கையுள்ளவரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளவோ, வேண்டாமென்றால் பிறருக்கு விற்றுவிடவோ நமக்கு உரிமை இருக்குமாயின் அப்பொருள் நம்முடையது. அவ்வுரிமை இல்லையாயின், அது நம் வீட்டு வாசலில் இரவு பகல் நின்றாலும் பிறருடையதே. மின்சார மோட்டார் வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், இந்தக் கேள்வியைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்கள் காலத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதத் துணிந்தோம்.

நாம் தோட்டத்துக் கிராணி. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொந்தம் என்னும் சொல் எவ்வளவு அருமையானது என்பதைக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்து தினந்தோறும் காண்கிறோம். குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. வாசலில் நிற்கும் மாமரத்தை நட்டவர் நம் பாட்டனாரே என்றாலும் அது வேரூன்றிய மண் கம்பெனியினுடையது. வேலை நின்றால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும் என்பதே நெடுங்காலம் இருந்துவந்த முறை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்து காட்டினார். 1908இல் போர்டு கம்பெனியார் தமது மாடல் டி வண்டியை வெளியிட்டனர். 1910இல் ரப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. அத்தகைய டயர்களுக்குப் பால் வெட்டிக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் பலர். உலகத்தாரை வண்டியில் ஏற்றி ஓடவிட்ட அவர்கள், தாம் மட்டும் விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் சைக்கிள் வாங்கினார்கள். பேரப்பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். 1985இல் புரோட்டான் சாகாவும், 1994இல் 660 சி.சி. இஞ்சின் கொண்ட கஞ்சிலும் வந்தபின், லயத்து வாசலில் காரும் நின்றது. சொத்து என்ற முறையில் தம் பெயர் எழுதிய தாளொன்றை நம்மவர்களிற் பலர் முதன்முதலாகப் பெட்டியில் வைத்துப் பூட்டியது இந்த வண்டிகளுக்காகத்தான். அந்தத் தாளோடு ஒரு கல்வியும் வந்தது. செயினை இறுக்குவதும், பிளக்கைத் துடைத்துப் போடுவதும், கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவதும் பள்ளிக்கூடம் போகாத இளைஞர்களுக்குக் கைவந்தன. அவர்களிற் சிலர் பட்டணத்துப் பட்டறைகளில் கையாளாகச் சேர்ந்து, பின்பு தாமே பட்டறை வைத்தார்கள். வெட்டுக்கத்தியைப் பிடிக்க வேண்டிய கை ஸ்பானரைப் பிடித்தது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறித் தலை நிமிர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

நிற்க. மின்சார வண்டி புதிய அதிசயம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளில் 1,575 வண்டிகள் மின்சாரத்தால் ஓடியவை. பெட்ரோல் வண்டிகளோ 936 மாத்திரமே. கைப்பிடியைச் சுற்றிப் பெட்ரோல் இஞ்சினைக் கிளப்பும்போது மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர்; மின்சார வண்டிக்கு அத்தொல்லை இல்லை. ஆனால் 1912இல் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் வண்டியில் வந்தது. பெட்ரோலும் மலிந்தது, போர்டு வண்டியின் விலையும் குறைந்தது. பழைய மின்சார வண்டி மெல்ல மறைந்தது. அக்காலத்திலேயே ஹார்ட்போர்டு என்னும் ஊரிலிருந்த மின்சாரக் கம்பெனி, பாட்டரி இல்லாத வண்டியை வாங்குவோருக்குப் பாட்டரியை வாடகைக்கு விட்டு, தீர்ந்ததை மாற்றியும் கொடுத்தது. 1910ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்த ஏற்பாடு 1924 வரை நடந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

இன்றைய நிலைமை என்ன? 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் மின்சாரத்தால் ஓடும் கார்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றன. அவ்வாண்டு விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இவ்வகை. நார்வேயிலோ பத்தில் ஒன்பது. நம் மலேசியாவில் புரோட்டான் கம்பெனி தனது முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரிலும், பெரோடுவா கம்பெனி தனது முதல் மின்சாரக் காரை 2025 டிசம்பரிலும் வெளியிட்டன. சிங்கப்பூர் அரசாங்கம், 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய எரிசக்தி வகையினவாக இருக்க வேண்டுமெனத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே இவ்வண்டி தோட்டத்துக்கும் வந்தே தீரும். ஆனால் எப்படி வரும்? நம்மவர்கள் புது வண்டி வாங்குவது குறைவு. பிறர் ஏழெட்டு ஆண்டு ஓட்டிக் கழித்ததை வாங்குவதே வழக்கம். கம்பெனிகள் பாட்டரிக்குக் கொடுக்கும் உத்தரவாதமோ பெரும்பாலும் எட்டு ஆண்டுகள். உத்தரவாதம் முடிகிற இடத்தில்தான் நமது சொந்தம் தொடங்குகிறது. புது வண்டிக்காரருக்குப் பழுது என்பது ஒரு நாள் அலைச்சல்; பழைய வண்டிக்காரருக்கு அதுவே முழு விஷயமும்.

நாம் இவ்வண்டிக்குப் பகைவரல்லர். இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. இஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, புகைக்குழாய் இல்லை. பெட்ரோல் இஞ்சினில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் அசைந்து தேய, மின்சார மோட்டாரில் சுழல்வன மிகச் சிலவே. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திரும்ப உண்டாக்குவதால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. மாதா மாதம் பட்டறைக்குப் போகும் செலவு குறைவது ஏழைக்கு ஆதாயமே. ஆனால் அரிதாக வரும் பழுது பெரிதாக வந்து, அதைத் திருத்தும் அதிகாரமும் ஒரே கதவுக்குள் பூட்டப்பட்டிருக்குமானால், அந்த ஆதாயம் எங்கே நிற்கும்? இதுவே நமது கவலை.

ஓர் அனுபவத்தைச் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் மின்சாரக் கார் வைத்திருக்கிறார். ஒரு நாள் தோட்டத்துக் கோயில் பக்கத்தில் அது உயிரற்று நின்றுவிட்டது. கதவும் சரியாகத் திறக்கவில்லை. பாட்டரி போய்விட்டது, பல்லாயிரம் வெள்ளி நஷ்டம் என்று கூட்டம் கூடிப் பேசிற்று. பட்டணத்திலிருந்து நமது பழைய மெக்கானிக் அண்ணனை அழைத்துவந்தோம். அவர் ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து நோயறியும் கைகாரர். இவ்வண்டியைச் சுற்றி வந்தவர், "இது வாயே தொறக்க மாட்டேங்குது தம்பி" என்று சிரித்தார். ஆயினும் அறிவு அவரைக் கைவிடவில்லை. பெரிய பாட்டரியைத் தவிர, விளக்குக்கும் பூட்டுக்குமாகச் சாதாரண 12 வோல்ட் பாட்டரி ஒன்று இவ்வண்டிகளிலும் உண்டு. அதுவே செத்திருந்தது. புதிதொன்று மாற்றியதும் வண்டி விழித்துக்கொண்டது. ஆனால் முகப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும் போகவில்லை. அதை நீக்க வேண்டுமானால் கம்பெனியின் கருவியும், கம்பெனி கொடுக்கும் இரகசியச் சொல்லும் வேண்டும் என்றார்கள். ஆகவே ஓடக்கூடிய வண்டியை லோரியில் ஏற்றிப் பெரிய நகரத்துக்கு அனுப்பினார்கள். நோயைத் தீர்த்தவர் மெக்கானிக். தீர்ந்ததென்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவருக்கில்லை.

இங்கே இரண்டு பூட்டுகள் இருப்பதை வாசகர்கள் பிரித்தறிய வேண்டும். ஒன்று நியாயமான பூட்டு. இவ்வண்டிகளின் பெரிய பாட்டரி பெரும்பாலும் 400 வோல்ட் அளவில் வேலை செய்கிறது. சிலவற்றில் அதற்கும் மேல். ஆரஞ்சு நிறம் பூசிய அந்தக் கம்பிகளை அறியாமல் தொட்டவன் பிழைப்பது அரிது. காப்புறையும், மின்சாரத்தைத் துண்டிக்கும் முறையும் கற்றவரே அதைத் திறக்க வேண்டும். இதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். மற்றொன்று அநியாயமான பூட்டு. ஆபத்துச் சிறிதுமில்லாத வேலைக்கும் கணினிச் சொல் வேண்டும். வெளியில் வாங்கிய உறுப்பைப் பொருத்தினால் வண்டி அதை ஏற்க மறுக்கும். பழுதின் விவரம் வண்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தும் சொந்தக்காரர் படிக்க முடியாது. பாட்டரியையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் நூறு முதல் பல ஆயிரம் வரை சிறு சிறு அறைகள் உண்டு. வரிசையில் ஓர் அறை நலிந்தாலும் முழுமையின் வலிமை குறையும். அதை மட்டும் மாற்ற வழியிருந்தால் செலவு சிறிது. எல்லாவற்றையும் பசையிட்டு ஒன்றாக ஒட்டி அமைத்துவிட்டால், ஒன்று கெட்டதற்காக முழுவதையும் எறிய நேரிடும். முதற்பூட்டு உயிரைக் காக்கிறது. இரண்டாவது எவருடைய இலாபத்தைக் காக்கிறது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இனிச் சொந்தத்தின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் கல்வி கற்றமையால், தவணை ஒப்பந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு தோட்டத்து மக்கள் நம்மிடம் வருவது வழக்கம். அண்மையில் டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் தம் மகன் கொடுத்த விளம்பரத் தாளொன்றைக் கொண்டுவந்தார். வண்டிக்கு ஒரு விலை, பாட்டரிக்கு மாத வாடகை என்று அதில் கண்டிருந்தது. படித்துச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "வண்டி நம்மது, பாட்டரி அவங்களதுங்களா ஐயா? அப்ப நம்ம லயத்து வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றார். பல பக்கம் படித்த நமக்குத் தோன்றாத உவமை அவருக்குத் தோன்றியது.

பெரோடுவா கம்பெனி 2025 டிசம்பரில் தனது வண்டியை வெளியிட்டபோது அறிவித்த முறையும் இவ்வகையதே. பாட்டரி நீங்கலாக வண்டியின் விலை 80,000 வெள்ளி. பாட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வீதம் ஒன்பது ஆண்டுகள். பெருக்கிப் பார்த்தால் வாடகை 29,700 வெள்ளி ஆகிறது. இதை மோசடி என்று கூற நாம் வரவில்லை. பாட்டரி நலிந்துபோகும் என்ற அச்சத்தை வாங்குபவர் தலையிலிருந்து இறக்கிக் கம்பெனியின் தலையில் வைப்பதற்கு இது ஒரு வழி. ஹார்ட்போர்டு ஊரார் நூறாண்டுக்கு முன் ஏற்றதும் இந்நன்மைக்காகவே. ஆனால் தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வேற்றுமையை நம்மவர் உணரவேண்டும். தவணை என்பது முடிகிற கடன். கடைசிப் பணம் கட்டியதும் வங்கி விலகிக்கொள்ள, வண்டி நம்முடையதாகிறது. வாடகையின் குணம் வேறு. வண்டியை விற்கும்போது வாடகை யார் தலையில் ஏறும், இரண்டு மாதம் கட்டத் தவறினால் என்ன நேரும், ஒப்பந்தம் முடிந்தபின் பாட்டரி யாருடையது என்பவை ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்துக்கு முன் அவற்றைப் படிக்கவேண்டும். புது வண்டி வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நம்மவர் மறப்பதில்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைத் திருப்பத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சொந்தமில்லாத வண்டிக்கு என்ன நேரும் என்பதற்குச் சரித்திரத்தில் சான்றுண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1996இல் ஈ.வி. 1 என்னும் மின்சாரக் காரை வெளியிட்டது. ஆயிரத்துக்குச் சிறிது அதிகமாகச் செய்த அவ்வண்டிகளை விற்காமல் குத்தகைக்கே விட்டது. பின்பு திட்டத்தைக் கைவிட்டபோது வண்டிகளைத் திரும்பப் பெற்றது. ஓட்டியவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று மன்றாடியும் பயனில்லை. அவற்றுட் பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. இனிச் சொந்தமான வண்டிக்கும் ஆபத்து வரக்கூடும் என்பதற்கு மற்றொரு சான்று. 2024 ஜூனில் பிஸ்கர் என்னும் அமெரிக்க மின்சாரக் கார்க் கம்பெனி திவாலாயிற்று. உறுப்புகளுக்கும் மென்பொருளுக்கும் கம்பெனியையே நம்பியிருந்த சொந்தக்காரர்கள், வண்டிகளை ஓட வைக்கத் தாமே சங்கம் அமைக்க நேர்ந்தது. பழைய வண்டி, செய்த கம்பெனி மறைந்தபின்னும் ஓடும். ஏனெனில் அதைத் திருத்தும் அறிவு ஊரெங்கும் பரவிக் கிடந்தது. புதிய வண்டியின் அறிவு கம்பெனிக்குள்ளேயே அடைபட்டால், கம்பெனியின் ஆயுளே வண்டியின் ஆயுள்.

இதற்குப் பரிகாரம் இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து மக்கள் 2012இல் வாக்களித்து, கம்பெனிக் கடைகளுக்குக் கொடுக்கும் பழுது விவரங்களை வெளிப்பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்றனர். காற்றின் வழியாக வண்டி அனுப்பும் செய்திகளையும் சேர்க்க வேண்டுமென 2020இல் மறுபடியும் வாக்களித்தனர். நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தனர். சிங்கப்பூரில், வெளிப்பட்டறையில் வேலை செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையைப் போட்டி ஆணையம் விசாரித்ததன் பயனாகக் கார் விற்பனையாளர்கள் அதை நீக்கச் சம்மதித்தனர். இது 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பாட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் மின்சார வண்டியின் பாட்டரி ஒவ்வொன்றுக்கும் அதன் விவரங்களடங்கிய கணினிச் சீட்டு வேண்டுமென விதித்தது. பழைய வண்டி வாங்குபவருக்கு இத்தகைய சீட்டு எவ்வளவு உதவியென்று சொல்ல வேண்டுமா? இங்கும் மக்கள் கேட்டால் நடக்கும். கேளாதிருந்தால் தானாக நடவாது.

"சொந்தம் எதற்கு? வேண்டும்போது வாடகைக்கு அழைத்துக்கொள்ளலாமே. கைப்பேசியில் அழுத்தினால் வண்டி வருகிறதே" என்று பட்டணத்து நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். கோலாலம்பூரில் அஃது உண்மையாக இருக்கலாம். சிங்கப்பூரிலோ 1990 முதல் கார் வாங்குவோர் பத்தாண்டு உரிமைச் சீட்டையே வாங்குகின்றனர். பஸ்ஸும் ரயிலும் வாசலருகே இருப்பதால் வண்டியில்லாமலும் வாழலாம். செம்பனைக் காட்டுக்குள்ளே செம்மண் சாலையில் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் லயத்துக்கு நள்ளிரவில் எந்த வாடகை வண்டி வரும்? பாம்பு கடித்தவனையும், பிரசவ வேதனைப்படுகிறவளையும், மூச்சுத் திணறும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கார்தான் என்பதை இரவில் கதவு தட்டப்பட்டு எழுந்து சீட்டு எழுதிக் கொடுக்கும் நமக்குத் தெரியும். அந்தக் கார் ஓடுமா ஓடாதா என்பதை எங்கோ இருக்கும் ஓர் அலுவலகம் தீர்மானிக்கக்கூடாது.

ஆகவே செய்யவேண்டியவை சில. நமது சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குரல் கொடுக்க வேண்டும். பட்டறை வைத்திருப்போர், "இது நமக்கு ஆகாது" என்று கையை விரித்துவிடாமல், உயர்ந்த வோல்ட் மின்சாரத்தில் வேலை செய்யும் முறையை முறைப்படி கற்றுச் சான்றிதழ் பெறவேண்டும். தனியாக முடியாவிட்டால் நாலு பட்டறைக்காரர் கூடி ஒரு கருவியை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெற்றோர்கள், கையில் மை படும் வேலை இழிவு என்ற எண்ணத்தை விட்டு, மின்சாரமும் கணினியும் கலந்த இத்தொழிலுக்கு மகன்களை மட்டுமன்றி மகள்களையும் அனுப்பவேண்டும். இதற்குத் தோள்வலிமையைவிடக் கூர்மையான அறிவே வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் லயத்து வீடுகளின் பழைய மின்கம்பிகளைச் சோதித்து மாற்றவேண்டும். ஜன்னல் வழியாக நீட்டிய கம்பியில் இரவெல்லாம் காரைச் சார்ஜ் செய்வது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும்.

இவையெல்லாம் நடக்க நாளாகலாம். அதுவரையில் நம்மவர் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மின்சார வண்டி வாங்கப் போகிறவர், புதிதாயினும் பழையதாயினும், விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். பாட்டரி யாருடைய பெயரில் இருக்கிறது? உத்தரவாதம் முடிந்தபின் இதை நம் ஊரில் யார் திருத்தலாம்? அதற்கு வேண்டிய உறுப்பும் விவரமும் அவருக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, விளங்காவிட்டால் படித்தவரிடம் காட்டிக் கேட்டு, அதன்பின் கையெழுத்திடட்டும். கிராணி வீட்டுக் கதவு இதற்கெல்லாம் எப்பொழுதும் திறந்தே இருக்கும்.